நாற்பத்தேழு கட்டைகள்

கட்டை சார் என்ற பெயர் அவருக்கு இரண்டு வழியாக வந்து சேர்ந்தது. பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டது, அவர் மரக்கட்டைப் பெட்டியும் கையுமாக வகுப்புக்குள் நுழைவதால். ஆசிரியர் அறையில் கூப்பிட்டது, அலமாரி மேல்தட்டில் இருக்கும் வருகைப் பதிவேட்டை எடுக்க அவர் தினமும் நாற்காலி போட்டு ஏறுவதால். இரண்டுக்கும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. பன்னிரண்டு வருடம் கூரியர் கிடங்கில் பார்சலுக்கு முகவரிச் சீட்டு ஒட்டிவிட்டு, மாலை வகுப்பில் படித்து, நாற்பத்திரண்டாவது வயதில் வாத்தியாரானவர். பெயரின் கடைசியில் 'சார்' என்று ஒன்று ஒட்டியிருந்தால் போதும், முன்னால் என்ன இருந்தாலும் சரி என்கிற நிலையில் இருந்தார்.

வேலை இன்னும் ஒட்டவில்லை. தற்காலிக நியமனம், ஒரு பருவத்துக்கு மட்டும். பருவம் முடியும்போது தலைமையாசிரியை ஒரு கடிதம் எழுதுவார். தொடரலாம் என்று எழுதினால் தொடரலாம். இல்லையென்றால் கிடங்கில் அவருடைய பழைய ஸ்டூல் காலியாகத்தான் இருக்கிறது என்று அங்கிருந்த நண்பர்கள் அன்போடு சொல்லியனுப்பியிருந்தார்கள்.

மூன்றாம் வகுப்பு 'அ' பிரிவு. இருபத்தேழு பிள்ளைகள். பருவத்தின் கடைசிப் பாடம் வகுத்தல்.

அந்தப் பாடத்துக்காகத்தான் பெட்டி வந்தது. பிள்ளைகளும் ஆசிரியர்களும் பெரிய டீச்சர் என்று சொல்லும் தலைமையாசிரியை, ஒரு வெள்ளிக்கிழமை தன் பீரோவைத் திறந்து, பெட்டியோடு இருப்புப் பதிவேட்டையும் நீட்டினார். 'மரக்கட்டை, சதுரம், 48' என்று எழுதியிருந்தது. அவர் எண்ணிப் பார்த்தார். நாற்பத்தெட்டு. கையெழுத்துப் போட்டார். போடும்போதே ஒரு சந்தோஷம். நாற்பத்தெட்டு என்பது தங்கமான எண். இரண்டு, மூன்று, நான்கு, ஆறு, எட்டு, பன்னிரண்டு, யார் வந்து பங்கு கேட்டாலும் முகம் சுளிக்காமல் பிரிந்து கொடுக்கும். இந்த எண்ணைத் தேர்ந்தெடுத்த புண்ணியவான் யாரோ, பிள்ளை குட்டியோடு நன்றாக இருக்கட்டும் என்று வாழ்த்தினார்.

ஞாயிற்றுக்கிழமை பெட்டியை வீட்டு மேஜையில் பரப்பி ஒத்திகை பார்த்தார். நான்கு டம்ளர்களை நான்கு பிள்ளைகளாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கட்டையாகப் போட்டுக் காட்டினார். எதிரே மாணவியாக உட்காரவைக்கப்பட்டவர் அவருடைய மனைவி. ஆஸ்பத்திரி லாண்டிரியில் படுக்கை விரிப்புகளை எண்ணிக் கட்டும் வேலை. வாரத்தில் ஆறு நாள் பத்துப் பத்தாக எண்ணுகிறவரை ஏழாவது நாளும் எண்ண வைத்தால் என்ன ஆகும்? "பாடம் நல்லாப் புரிஞ்சுது. நாலு டம்ளரையும் நீங்களே கழுவி வெச்சிடுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை வகுப்பில், பயிற்சிக் கல்லூரியில் சொன்னபடி, முதலில் கட்டைகளைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார். தொட்டுப் பார்த்தால்தான் கணக்கு மண்டையில் ஏறும் என்பது அங்கே வேதவாக்கு. பிள்ளைகள் தொட்டார்கள், முகர்ந்தார்கள், ஒருவன் கடித்தே பார்த்தான். எல்லாவற்றையும் திரும்ப வாங்கிப் பெட்டியில் போட்டு, நான்கு பேரை முன்னால் நிறுத்தி, ஒன்று ஒன்றாகக் கொடுத்துக்கொண்டே போனார். ஆளுக்குப் பன்னிரண்டு என்று முழங்குவதற்கு வாயைத் திறந்தபோது பெட்டி காலி. நான்காவது பையன் தன் கையையும் பக்கத்துப் பையன் கையையும் மாறி மாறிப் பார்த்தான்.

பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு, பதினொன்று.

"ஒண்ணு குறையுது" என்றார் கட்டை சார்.

பெஞ்சுக்கு அடியில் தேடினார்கள். பைகளை உதறினார்கள். இரண்டு துண்டுப் பென்சில், போன வருடம் தொலைந்த கொண்டை ஊசி, யாருடையதென்று யாரும் உரிமை கோராத ஒரு பால் பல் எல்லாம் கிடைத்தன. கட்டை கிடைக்கவில்லை. கடித்தவனை எல்லாரும் சந்தேகத்தோடு பார்த்தார்கள். அவன் வாயைத் திறந்து காட்டினான்.

அப்போதுதான் அவர் பெருந்தன்மையாக அந்த வாக்கியத்தைச் சொன்னார். "எடுத்தவங்க நாளைக்குக் கொண்டுவந்து வெச்சிடுங்க. நான் ஒண்ணும் கேட்க மாட்டேன்."

சொல்லிவிட்டு, எவ்வளவு பக்குவமாகச் சொல்லிவிட்டோம் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

முதல் பெஞ்சில், பெட்டி வைக்கும் மேஜைக்கு ஒட்டினாற்போல ஒரு பெண் உட்காருவாள். வகுப்பில் அவளுக்குப் பெயர் ஏன்சார். அவர் எதைச் சொன்னாலும் அவளிடமிருந்து வருவது அந்த இரண்டு வார்த்தைதான். பூஜ்யத்தை எதோடு பெருக்கினாலும் பூஜ்யம் என்றால், ஏன் சார். வரிசையாகப் போங்கள் என்றால், ஏன் சார். ஒருநாள் "எல்லாரும் வீட்டுக்குப் போகலாம்" என்றதற்கும் ஏன் சார் என்று கேட்டு, மற்ற இருபத்தாறு பேரின் பகையைச் சம்பாதித்திருந்தாள்.

மறுநாள் காலை, மணி அடிக்கும் முன்பே, ஏன்சார் மேஜையருகே வந்து நின்றாள். உள்ளங்கையில் ஒரு சின்னச் சதுரம். புது ரப்பரை வெட்டிச் செய்தது. மூலைகள் கொஞ்சம் கோணல். மரம் போல இருக்கவேண்டும் என்று பழுப்புக் கலர் பென்சிலால் ஆறு பக்கமும் தேய்த்திருந்தாள்.

"இதை வெச்சுக்குங்க சார்" என்றாள்.

கட்டை சாருக்கு ஒரே நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. எடுத்திருக்கிறாள், எங்கேயோ தொலைத்திருக்கிறாள், பயந்துபோய் ரப்பரை வெட்டியிருக்கிறாள். குனிந்து, மெல்லிய குரலில், "பரவாயில்லம்மா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அவர் ரப்பர் கட்டையை வாங்கிச் சாக்பீஸ் டப்பாவுக்குள் போட்டார். அடுத்த நாளிலிருந்து, எதற்கும் இருக்கட்டும் என்று, பெட்டியை மேஜையின், அவளுக்கு எட்டாத மறுபக்கத்துக்கு நகர்த்தி வைத்தார்.

யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்றாரே தவிர, பெட்டி நகர்ந்ததைப் பார்க்கப் பிள்ளைகளுக்குக் கண் இல்லையா? இருபத்தாறு பேருக்கும் சேதி புரிந்துவிட்டது. அன்று மாலை மனைவியிடம், பிரம்பு இல்லாமல், அவமானப்படுத்தாமல் ஒரு திருட்டைத் தான் கையாண்ட விதத்தை விரிவாகச் சொன்னார். மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, பாதி காதில் விழாமல், "ம்" என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு, பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ஏன்சார் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஏன் சார் என்று கேட்பதையும் விட்டுவிட்டாள். கையைக் கட்டினால் மனந்திருந்திவிட்டாள் என்றும், கேள்வி நின்றால் பாடம் புரிந்துவிட்டது என்றும் அவர் எடுத்துக்கொண்டார்.

பாடம் நடந்தது. புதுக் கட்டை கேட்டால் இருப்புப் பதிவேட்டைப் பற்றிக் கேள்வி வரும் என்று, இருக்கிற நாற்பத்தேழை வைத்தே ஓட்டினார். இரண்டு பேருக்குப் பிரித்தார்கள். ஆளுக்கு இருபத்து நாலு, ஒண்ணு குறை. மூன்று பேருக்குப் பதினாறு, ஒண்ணு குறை. ஆறு பேருக்கு எட்டு, எட்டு பேருக்கு ஆறு, பன்னிரண்டு பேருக்கு நாலு. எல்லாவற்றுக்கும் ஒண்ணு குறை. கடைசி ஆள் கையை விரித்துக் காட்டும்போது வகுப்பே ராகம் போட்டு "ஒண்ணு கு-றை" என்று பாடும். தொலைந்த கட்டையைத்தான் பாடுகிறார்கள் என்று அவரும் கூடவே தாளம் போட்டார்.

கரும்பலகையில் அவர் போட்ட கணக்குகளோ ஒழுங்காக வகுபடும் கணக்குகள். எடுத்த எடுப்பிலேயே மிச்சம் மீதி என்று பிள்ளைகளைப் பயமுறுத்துவானேன் என்ற நல்லெண்ணம். மீதியைக் கடைசி நாள் ஒரு மணி நேரத்தில் முடித்தார். "புரிஞ்சுதா?" என்றார். "புரிஞ்சுது சார்" என்று கூரை அதிர்ந்தது.

பிறகு பரீட்சை. பத்துக் கணக்கு. அதில் ஆறு, சமமாக வகுபடாதவை.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். தன் வகுப்புத் தாளைத் தானே திருத்தக் கூடாது. 'அ' பிரிவுத் தாளை 'ஆ' பிரிவு டீச்சர் திருத்துவார், 'ஆ' பிரிவுத் தாளை இவர். 'ஆ' பிரிவு டீச்சர் இருபது வருட அனுபவசாலி. சிவப்பு மையைத் தண்ணீராகச் செலவழிப்பவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் தாள்கட்டோடு ஆசிரியர் அறைக்குள் வந்து, அதைக் கட்டை சார் முன்னால் வைத்தார். சண்டைக்கு வரவில்லை. உண்மையிலேயே குழம்பிப் போயிருந்தார்.

"சார், காப்பியடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன். காப்பியடிச்சாக்கூட ரெண்டு பேராவது தப்பாப் பார்த்து எழுதுவாங்க. இருபத்தாறு பேரும் ஒரே தப்பு."

இருபத்து மூன்றை நான்கால் வகுக்கவும் என்பது கேள்வி. ஐந்து, மீதி மூன்று என்று இருக்கவேண்டும். இருபத்தாறு தாளிலும் 'ஆறு, குறை 1' என்று இருந்தது. ஐம்பதை எட்டால் வகுத்தால் ஆறு, மீதி இரண்டு. இவர்கள் 'ஏழு, குறை 6' என்று எழுதியிருந்தார்கள். ஆறு கணக்கிலும் அப்படியே.

"இருபத்தேழாவது?" என்றார் கட்டை சார், ஏதோ ஒரு நப்பாசையில்.

"அது இன்னும் அழகு. கேள்வியையே திருத்தி வெச்சிருக்கா."

ஏன்சாரின் தாள். அச்சடித்த இருபத்து மூன்றின் மேல் பென்சிலால் அழுத்தி இருபத்து நான்கு ஆக்கியிருந்தாள். விடை ஆறு. ஐம்பதை ஐம்பத்தாறாக மாற்றியிருந்தாள். விடை ஏழு. மீதியும் இல்லை, குறையும் இல்லை. ஆறு கணக்கிலும் எது போதவில்லையோ அதைத் தானே கொண்டுவந்து போட்டிருந்தாள்.

விஷயம் பெரிய டீச்சர் அறைக்குப் போனது. பெரிய டீச்சர் கோபப்பட்டால் குரல் இறங்கும். அன்று கிட்டத்தட்ட கிசுகிசுத்தார். தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டிவிட்டு, "நீங்க சொல்லிக்கொடுக்கலையா, தப்பாச் சொல்லிக்கொடுத்தீங்களான்னு எனக்குத் தெரியணும். திங்கக்கிழமை வந்து பின்னாடி உக்காருறேன். இதே பாடத்தைத் திரும்ப எடுங்க. செவ்வாய்க்கிழமை கடிதம் போகணும்" என்றார். எந்தக் கடிதம் என்று அவரும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

தாள்கட்டு ஒரு கையிலும் கட்டைப் பெட்டி ஒரு கையிலுமாக வீட்டுக்குப் போனார். கிடங்கில் பார்சல் சுமந்த பழக்கம் வீண் போகவில்லை.

மேஜையில் உட்கார்ந்து ஒரு தாளை எடுத்துத் தானே போட்டுப் பார்த்தார். நாலாறு இருபத்து நாலு. அதில் ஒன்று குறைந்தால் இருபத்து மூன்று. சரி. ஏழெட்டு ஐம்பத்தாறு. ஆறு குறைந்தால் ஐம்பது. அதுவும் சரி. சிவப்புப் பேனாவின் அத்தனை அடியும் விழுந்திருப்பது, கணக்காகப் பார்த்தால் தப்பே இல்லாத ஒன்றின் மேல். பிள்ளைகள் சொல்லிக்கொடுத்ததைக் கற்கவில்லை. செய்து காட்டியதைக் கற்றிருக்கிறார்கள். கடைசி ஆளுக்கு வராமல் போனால் எங்கேயோ ஏதோ தொலைந்திருக்கிறது என்பதுதான் ஐந்து வாரமாக அவர் நடத்திய பாடம்.

இதை நினைத்து அழுவதா சிரிப்பதா என்று அவர் முடிவு செய்வதற்குள், தரை துடைத்துக்கொண்டு வந்த மனைவி, "கொஞ்சம் எழுந்திருங்க" என்று மேஜையை ஒரு பக்கமாக இழுத்தார். மேஜை ஒரு காலை ஊன்றாமல் ஆடியது. டீ சிந்தித் தாள்களை நோக்கி ஓடியது. அவர் தாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எது தட்டுப்பட்டது என்று குனிந்தார்.

மேஜைக்கால் இருந்த இடத்தில் ஒரு மரக்கட்டை. சதுரம். ஒரு மூலை நசுங்கி, துடைத்த தண்ணீரின் அழுக்கேறி.

அவர் அதை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே குந்தியிருந்தார்.

"அது அங்கதானே இருக்கு" என்றார் மனைவி. "அன்னிக்கு மேஜை ஆடி டம்ளர் விழுதுன்னு நீங்கதானே செருகினீங்க. தற்காலிகமா இருக்கட்டும்னீங்க. நம்ம வீட்ல தற்காலிகமா வெச்சது எது வெளிய போயிருக்கு?"

கட்டை சார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியவளைப் பற்றிப் பழமொழி உண்டு. அவளாவது தேடத்தான் செய்தாள். பக்கத்து வீட்டுக்காரி மேல் பழி போட்டு, பிறகு அவளை மன்னிக்கவும் செய்தாள் என்று எந்தப் பழமொழியிலும் இல்லை.

மெல்ல மெல்ல எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். ரப்பர் கட்டை, நகர்த்திய பெட்டி, முதுகுக்குப் பின்னால் கட்டிய கைகள். மனைவி துடைப்பானைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏன்சாரின் தாளை வாங்கிப் பார்த்தார். இருபத்து மூன்றின் மேல் எழுதிய இருபத்து நான்கை விரலால் தொட்டுப் பார்த்தார். பென்சில் அழுத்தத்தில் தாள் பின்பக்கம் புடைத்திருந்தது.

"எங்க லாண்டிரில ஒரு விரிப்பு குறைஞ்சா, எண்ணினவங்க கூடையைத்தான் முதல்ல கொட்டச் சொல்லுவாங்க" என்றார். கழுவின டம்ளரைக் கவிழ்த்து வைக்கப் போய்விட்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் கட்டை சாருக்குள் ஒரு பட்டிமன்றம். கட்டையைச் சத்தம் போடாமல் பெட்டிக்குள் போட்டுவிட்டால் என்ன? யாரும் எண்ணப் போவதில்லை. அல்லது வகுப்பு அலமாரிக்குப் பின்னாலிருந்து கிடைத்ததாகச் சொன்னால்? யார் மேலும் பழியில்லை, பெண்ணும் தப்பினாள், அவரும் தப்பினார். பெரிய டீச்சர் பின்னால் உட்கார்ந்திருக்கிற நாளாகப் பார்த்து, இருப்புச் சாமானை வீட்டு மேஜைக்கு முட்டுக்கொடுத்தேன் என்று ஒருவன் வாயால் சொல்வானா? செவ்வாய்க்கிழமை கடிதத்தை அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது மாதிரி ஆகாதா? ஞாயிறு சாயங்காலம் கண்ணாடி முன்னால் நின்று, "அட, இதோ இருக்கே" என்று புருவத்தைத் தூக்கிப் பார்த்தார். மூன்றாவது தடவை தூக்கும்போது பின்னால் மனைவி நின்றிருந்தார்.

"நடிப்பு நல்லாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு பேப்பருக்கு என்ன பதில் சொல்லப் போறீங்க?"

புருவம் தானாக இறங்கிவிட்டது.

திங்கட்கிழமை பெரிய டீச்சர் கடைசி பெஞ்சில், முழங்கால் மார்பில் இடிக்க, உட்கார்ந்திருந்தார். மடியில் இருப்புப் பதிவேடு இருந்தது. அதை எதற்குக் கொண்டுவந்தார் என்று நினைத்துக்கொண்டே கட்டை சார் பெட்டியை மேஜை மேல் வைத்தார். ஏன்சாரின் கைகள் பின்னால் போயின.

சட்டைப் பையிலிருந்து கட்டையை எடுத்து எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உயர்த்திப் பிடித்தார். வகுப்பு மூச்சை இழுத்தது.

"இது என் வீட்ல இருந்துச்சு" என்றார். "உங்களுக்குப் பாடம் எடுக்கறதுக்கு முன்னாடி பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். எங்க மேஜை ஆடுச்சு. ஒரு கட்டையை எடுத்துக் கால் அடியில செருகினேன். மறந்துட்டேன். அடுத்த நாள் இங்க வந்து உங்க பையை எல்லாம் உதறச் சொன்னேன்."

அன்று வாயைத் திறந்து காட்டியவன்தான் கேட்டான். "அப்ப நாங்க யாருமே எடுக்கலையா சார்?"

"யாருமே எடுக்கல."

இருபத்தாறு தலைகள் முதல் பெஞ்சுப் பக்கம் திரும்பின. கட்டை சார் சாக்பீஸ் டப்பாவைத் திறந்து, அடியில் தூள் படிந்து கிடந்த ரப்பர் கட்டையை எடுத்து, தன் பேன்ட்டில் துடைத்து, ஏன்சாரின் முன்னால் வைத்தார்.

"இது நீ ஒண்ணு குறையுதேன்னு செஞ்சு கொடுத்தது. நான் வேற மாதிரி வாங்கிட்டேன். தப்பு என்னோடது."

அவள் ரப்பரைப் பார்த்தாள். கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. அவர் காத்திருக்காமல் பெட்டியை இழுத்து, அவள் பக்கத்தில், பழைய இடத்திலேயே வைத்தார். மரக்கட்டையை மூடி மேல் வைத்தார். "எண்ணிப் போடறியா?"

அவள் எழுந்து வந்து எண்ணினாள். அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் மேஜையில் தட்டித் தட்டி. நாற்பத்தெட்டு வந்ததும் நசுங்கின மூலையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

இப்போது கட்டை சாருக்குப் புதுச் சிக்கல். மீதியைப் பற்றிப் பாடம் எடுக்கவேண்டும். நாற்பத்தெட்டோ தங்கமான எண், மீதியே விடாது. தொலைந்திருந்தபோது பிடித்த சனி கிடைத்த பிறகும் விடவில்லையே என்று நொந்துகொண்டு, ஒரு கட்டையை எடுத்து, "எல்லாரும் பார்த்துக்குங்க. இதை என் பைக்குள்ள போடறேன். பாடம் முடிஞ்சதும் கேட்டு வாங்கிடுங்க" என்றார். வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்தும் ஒரு சின்ன சத்தம் வந்தது. இருமலாகவும் இருக்கலாம்.

நான்கு பேரை நிறுத்தினார். ஏன்சாரே பிரித்துக் கொடுத்தாள். பதினோரு சுற்று முடிந்தது. அவள் கையில் மூன்று கட்டை. முதல் பையனிடம் நீட்டப்போனாள்.

"நில்லு. கையில இருக்கறதை வெச்சு இன்னொரு சுற்று முழுசா வருமா?"

வராது என்றது வகுப்பு.

"வராதுன்னா அங்கயே நிறுத்திடணும். ஆளுக்குப் பதினொண்ணு. கையில இருக்கற மூணு மீதி."

அவள் நிறுத்தினாள். மூன்று கட்டைகளையும் பார்த்தாள், வரிசையாக நின்ற நான்கு பேரையும் பார்த்தாள். ஐந்து வாரமாகக் கேட்காதது அப்போது வந்தது.

"ஏன் சார்?"

கட்டை சார் அவள் பக்கம் திரும்பி, "எது ஏன்?" என்றார்.

"மூணு பேருக்காவது கிடைக்கும்ல சார். இப்ப யாருக்குமே இல்லையே."

வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மூன்று பேருக்குக் கொடுத்தால் கடைசி ஆள் என்ன பாவம் செய்தான் என்று ஒரு கட்சி. சும்மா கிடக்கிற கட்டையால் யாருக்கு லாபம் என்று ஒரு கட்சி. கடைசியில் நிற்கிறவன், தான் எப்போதும் கடைசியில் நிறுத்தப்படுவதைப் பற்றித் தனியாக ஒரு புகார் கொடுத்தான். கட்டை சார் கரும்பலகையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். பதினொன்று, மீதி மூன்று. பன்னிரண்டு, குறை ஒன்று. இரண்டிலும் இருப்பது அதே நாற்பத்தேழுதான், இரண்டும் பொய் இல்லை என்றார். ஒன்று, இருக்கிறதை வைத்துக்கொண்டு நிறுத்துகிற கணக்கு. மற்றது, இல்லாததையும் சேர்த்து எண்ணுகிற கணக்கு. இந்தப் பரீட்சையில் கேட்பது முதலாவது. "இல்லாததைச் சேர்த்து எண்ண ஆரம்பிச்சா, யார் எடுத்தாங்கன்னு தேடத் தோணும். நானே தேடினேன் பாருங்க."

இருபத்து மூன்றை நான்கால் வகுக்கச் சொன்னார். ஐந்து, மீதி மூன்று. ஐம்பதை எட்டால். ஆறு, மீதி இரண்டு. கடித்தவன் மட்டும் பழக்க தோஷத்தில் "கு-றை" என்று இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டான்.

மணி அடித்ததும் பெரிய டீச்சர் பெஞ்சிலிருந்து தன்னைப் பெயர்த்தெடுத்து எழுந்து முன்னால் வந்தார். பதிவேட்டை மேஜையில் விரித்தார். கட்டை சார் கடைசிக் கட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பெட்டியில் போட்டார். பெரிய டீச்சர் அதை எடுத்து, நசுங்கின மூலையைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, திரும்பப் போட்டுவிட்டு, '48, சரி' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அடுத்த பருவத்துக்கு அளவைப் பெட்டி இருக்கு" என்றார், வழக்கமான உரத்த குரலில். "அதுல தராசுப் படிக்கல் எல்லாம் இரும்பு. வீட்டுக்குக் கொண்டுபோகாதீங்க. உங்க மேஜைக்கு வேற ஏதாவது பாருங்க."

அவர் வாசலைத் தாண்டிய பிறகுதான் 'அடுத்த பருவத்துக்கு' என்றால் என்ன என்பது கட்டை சாருக்கு உறைத்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டார். அது ஆடவில்லை.

பிள்ளைகள் வெளியே ஓடிவிட்டார்கள். ஏன்சார் மட்டும் நின்று, கட்டைகளை வரிசையாக அடுக்கிப் பெட்டியை மூடினாள். ரப்பர் கட்டையை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"சார், எங்க பை எல்லாம் பார்த்தீங்கள்ல."

"ஆமா."

"உங்க வீட்ல ஏன் சார் பார்க்கல?"

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார். "தோணவே இல்லம்மா."

"ஏன் சார்?"

பாடப்புத்தகத்தின் பின்பக்கத்தில் விடைகள் இருக்கும். அதில் இது இல்லை. கட்டை சார் ஒரு சாக்பீஸை எடுத்தார், எழுத எதுவும் இல்லாமல் திரும்ப வைத்தார்.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

வீட்டுப்பாடம் கொடுத்த டீச்சரைப் போல ஒருமுறை தலையாட்டிவிட்டு, அவள் விளையாட ஓடினாள்.